ஒரு வார்த்தை மட்டும் குறைகிறது

"குழந்தைகிட்ட தினமும் பேசுறீங்களாக்கா?" என்று கேட்டபடி நர்ஸ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"பேசுறதாவது! தையல் மிஷினாவது நடுவுல நிக்கும், இவ வாய் நிக்காது" என்றார் கணவர். கண் என்னவோ ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தபடியே இருந்தது.

தையற்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. வழக்கமாக வரும் நர்ஸ் லீவில் போய், இன்றைக்கென்று பார்த்து முன்பின் தெரியாத இந்தச் சின்னப் பெண் வந்திருக்கிறாள். பட்டாணிக்கு ஒன்றரை வயது. மூளை வளர்ச்சி வயசுக்குத் தக்கபடி இருக்கிறது என்று இவள் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரி, மறு பரிசோதனை என்று எல்லாம் தள்ளிப் போய்விடும். இனிமேலும் தள்ளிப் போனால் தாங்குகிற தெம்பு அவளுக்கு இல்லை.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தான், அதனால்தான் பட்டாணி. அழக்கூட மாட்டான், சுவரையே பார்த்துக்கொண்டு கிடப்பான். விட்டாளா அவள்? ஊசியில் நூல் கோத்தாலும் அவனிடம் சொன்னாள், பட்டன் தைத்தாலும் சொன்னாள். வெட்டி மிஞ்சிய துணித் துண்டுகளை இது வழவழ, இது சொரசொர என்று கன்னத்தில் உரசிக் காட்டினாள். அவன் 'ங்கா' என்றால் இவளும் 'ங்கா' என்பாள். டி.வி.யை மூட்டை கட்டி அலமாரி மேலே ஏற்றியாயிற்று. கணவருக்கு அதில் இன்னும் கொஞ்சம் கோபம் உண்டு.

நர்ஸ் பையிலிருந்து மரக்கட்டைகளை எடுத்து வைத்தாள். பட்டாணி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, தனக்குத் தானே கைதட்டிக்கொண்டான்.

"அடேயப்பா! விளக்கு எங்கடா?"

விரல் மேலே போனது.

"பூனை?"

படப் புத்தகத்தில் பூனையின் மூக்கிலேயே குத்தினான். "பூன்ன!"

"படு சுட்டியா இருக்கானே!" என்றாள் நர்ஸ்.

தையற்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பட்டாணி உற்சாகமாகி, "ம்... ம்மா..." என்று ஏதோ ஆரம்பித்தான்.

"மாடா? ஆமாண்டா, மாடு! மாடு எங்க இருக்கு, காட்டு காட்டு!" என்று அவள் அவசர அவசரமாகப் பக்கத்தைப் புரட்டினாள். கணவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

நர்ஸ் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "நீங்க சும்மா இருங்கக்கா, அவனே சொல்லட்டும். சரி, கடைசியா ஒண்ணு. பட்டாணி, இந்தப் பந்தை அம்மாகிட்ட குடு பார்ப்போம்."

பட்டாணி பந்தை வாங்கிக்கொண்டான். நர்ஸைப் பார்த்தான், பந்தைப் பார்த்தான். நகரவில்லை.

"அம்மாடா தங்கம். அம்மா எங்க?"

விளக்கை அண்ணாந்து பார்த்தான். பிறகு படப் புத்தகத்தைப் புரட்டி அதற்குள் தேட ஆரம்பித்தான்.

நர்ஸின் முகம் மாறியது. "ஏங்க்கா, குழந்தைங்க முதமுதல்ல கத்துக்கிற வார்த்தையே அதுதானே! இவனுக்கு அது யாருன்னே தெரியலையே! உங்களை எப்படிக் கூப்பிடுவான்?"

"கூப்பிட மாட்டான். கையைப் பிடிச்சு இழுப்பான்."

"எனக்குப் பயமா இருக்கு. டாக்டர் பார்க்கணும்னு எழுதிடறேன்."

"ஐயோ, எழுதாதீங்க சிஸ்டர்!" அவள் குரல் உடைந்தது. "இங்க பாருங்க... பட்டாணி, கொண்டாடா!" என்று கையை நீட்டினாள்.

பட்டாணி தடுமாறி ஓடி வந்து பந்தை அவள் கையில் வைத்துவிட்டு, மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"ஆளைத் தெரியாமலா இப்படி ஒட்டிக்கிறான்? புத்தியில ஒரு குறையும் இல்ல சிஸ்டர். நான்தான் அந்த வார்த்தையைச் சொல்லிக் குடுக்கல."

"எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தீங்க, இதைச் சொல்லிக் குடுக்கலையா? ஏன்?"

"நானும் தலையால தண்ணி குடிச்சுப் பார்த்துட்டேன்" என்றார் கணவர். "இந்த வீட்டுல யாரும் அதை வாயிலேயே எடுக்கக் கூடாதுன்னுட்டா. நான்கூட இவளை 'ஏய், இந்தா'ன்னுதான் கூப்பிடணும்."

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. கணவர் ஜன்னலை விட்டு நகர்ந்து, "வந்துட்டாங்க" என்றார் மெதுவாக.

தையற்காரி அவசரமாக முந்தானை நுனியை எடுத்தாள். பட்டாணியின் வாயைத் துடைத்தாள். தன் கையால் தைத்த புதுச் சட்டையை இழுத்து நேராக்கினாள், நேராக இருந்ததை மறுபடியும் நேராக்கினாள். அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உச்சியை ஒரு தரம் முகர்ந்தாள். கணவர் கதவைத் திறந்தார்.

வாசலில் ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண் ஒரு பொம்மையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றாள்.

தையற்காரி அவளை நோக்கிக் கையைக் காட்டினாள். "பட்டாணி, அதோ பாரு... அம்மா."

திகைத்துப் போன நர்ஸின் காதருகே கணவர் குனிந்தார். "யாருமில்லாத குழந்தைங்களை, தத்தெடுக்க ஆள் வர்ற வரைக்கும் நாங்க வளர்த்துக் குடுக்கிறோம் சிஸ்டர். போன தடவை போன பொண்ணு, புது அம்மா மடியில உட்கார்ந்துக்கிட்டு இவளைப் பார்த்து அம்மா அம்மான்னு கத்துச்சு. அந்தப் புது அம்மா முகம் செத்துப் போச்சு. அன்னைக்கு முடிவு பண்ணினா, இந்த ஒரு வார்த்தையை மட்டும் வர்றவளுக்குன்னு வெச்சிருக்கணும்னு."

பட்டாணி வாசலை வெகுநேரம் பார்த்தான். பிறகு விரலை நீட்டி, "ம்மா" என்றான்.

"இப்ப எழுதிக்குங்க சிஸ்டர்" என்றாள் தையற்காரி, திரும்பிப் பார்க்காமல்.