கரண்டி ஆட்டம்

"கைய வெளிய எடுங்க. மெதுவா."

பைக்குள் போன கை அங்கேயே உறைந்தது.

அது சாதாரணப் பையா என்ன? மாற்றுடை, துவாலை, நாலு பாக்கெட் பிஸ்கட், ஒற்றைக் காது முயல் பொம்மை என்று ஒரு பட்டாளமே ஒரு மாதம் உட்கார்ந்து சாப்பிட்டுத் தூங்கி எழும் அளவுக்குச் சரக்கு. அவர் தேடியது மகளின் மூக்கைத் துடைக்க ஒரு கைக்குட்டை.

போலீஸ்காரர் கண்ணில் பட்டதெல்லாம் வேறு. திங்கட்கிழமை காலை பதினொரு மணி, பூங்கா, கன்னங்கரேலென்று ஓர் ஆள், பக்கத்தில் பால் நிறத்தில் ஒரு பெண் குழந்தை.

ஊஞ்சலோரம் மூன்று அம்மாக்கள். ஒருத்தி கைபேசியை இன்னும் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வேலைக்குப் போற நேரத்துல ஆம்பளைக்கு இங்க என்ன வேலை? அதுவும் இந்த மாதிரி ஆளு!" என்றாள் அவள்.

வேலையாம்! இரட்டைப் பின்னல் போடுவதில் ஏழு ஊரிலும் அவரை அடிக்க ஆள் கிடையாது. மகள் பிறந்த நாளிலிருந்து வீடு அவர் பொறுப்பு, சம்பளம் மனைவி பொறுப்பு. அவள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள். மேகத்துக்குப் பக்கத்து வீட்டில் உட்கார்ந்துகொண்டு வீடு பருமனுள்ள பெட்டிகளைக் கப்பலில் இறக்குவாள். மகளுக்கு நிறம் கொடுத்தவளும் அவள்தான்.

கைபேசியைக் கீழே பூட்டி வைத்துவிட்டுத்தான் அவள் மேலே ஏற முடியும். மாலைவரை யார் கூப்பிட்டாலும் கேட்காது.

அவர் கைகளை மெதுவாக வெளியே எடுத்து மேலே தூக்கினார்.

"எம்பொண்ணு சார்."

"உன்னைக் கேட்டனா?"

இதற்கெல்லாம் ஒத்திகை நடந்திருக்கிறது. சொந்தக் கார்தான் என்று போலீஸுக்குக் காட்டச் சட்டைப்பைக்குள் கையை விட்டுக் குண்டடி பட்ட அவருடைய அண்ணன் இன்றுவரை எழுந்து நடக்கவில்லை. அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சமையலறையில் கரண்டி ஆட்டம். மனைவி கரண்டியைத் துப்பாக்கியாக நீட்டுவாள்.

"உங்க நக்கலையெல்லாம் எங்கிட்ட வச்சுக்குங்க. வெளிய வாயே திறக்கக் கூடாது."

மகளுக்கும் வேஷம் உண்டு. கைகள் மேலே, வாய்க்குப் பூட்டு, ஆள் சிலை. குழந்தை ஓடினாலோ கத்தினாலோ எவன் விரலாவது பதறிவிடும் என்று மனைவிக்குப் பயம். முதல் வாரம் மகள் சிரித்தே தோற்றாள். இப்போது மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் அசைய மாட்டாள்.

போலீஸ்காரர் குனிந்தார். ஒரு கை இடுப்பிலேயே இருந்தது.

"பாப்பா, பயப்படாத. இவர் யாரு உனக்கு?"

மகள் கைகளைத் தூக்கியபடி நின்றாள். மூக்கு ஒழுகியது. உதடுகள் ஒட்டியிருந்தன.

"பாவம், எப்படி மிரண்டு போயிருக்கு பாருங்க!" என்றாள் ஊஞ்சலோரத்துக்காரி.

இடுப்புத் துப்பாக்கி உறையின் பொத்தான் டப்பென்று கழன்றது.

"சொல்லிடு தங்கம். இது ஆட்டம் இல்லடா." அவர் கெஞ்சினார்.

சமையலறையில் மகளைத் தோற்கடிக்க ஒவ்வொரு ஞாயிறும் அவர் சொல்லும் அதே வார்த்தை. இன்றைக்கு அவள் ஏமாறுவதாக இல்லை.

அப்பாவின் கை கீழே இறங்கினால்தான் ஆட்டம் முடியும். அதுதான் விதி.

அவள் கண் கொட்டாமல், பெருமையாக, இன்னும் மேலேயே இருந்த அந்த இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.