வரவேற்பு நடனம்

தீவைச் சுற்றிப் பார்க்க வந்த பூநாரைகள் தன் வளையை மிதித்துவிடுமோ என்று பயந்த நண்டு, கொடுக்கை ஆட்டி ஆட்டி அவற்றை விரட்டியது.

கூட்டிவந்த மைனா சமாளித்தது: "இதுதான் இந்தத் தீவோட வரவேற்பு நடனம். ஆதிகாலத்துலேருந்து ஆடுறாங்க."

பூநாரைகள் சிறகைத் தட்டி ஆரவாரம் செய்தன.

அவை போனதும் நண்டு சண்டைக்கு வந்தது. "நடனமா? நான் விரட்டினேன்யா!"

"இருக்கட்டுமே. பார்த்தவங்க சொக்கிப் போயிட்டாங்க" என்றது மைனா.

மறுநாள் நண்டு உடம்பெல்லாம் பாசி சுற்றிக்கொண்டு, காலையிலிருந்தே வளை வாசலில் நின்றது. அன்று வந்த கூட்டமோ நேரே ஆமை பார்க்கப் போய்விட்டது.

நண்டு மைனாவைப் பிடித்துக்கொண்டது. "எங்க பாட்டன் முப்பாட்டன் ஆடின ஆட்டம்யா இது! மட்டு மரியாதை தெரியாத ஜனங்களையா கூட்டிட்டு வருவே?"