மேய்கிறவன் கீழே பார்ப்பதில்லை

ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற பிரெஞ்சுத் தெருவில், விமான டிக்கட் போடுகிற கடைக் கண்ணாடிக்குள் ஒருவன் கூரை மேய்ந்துகொண்டிருந்தான்.

மடுத்தீன் அப்படியே நின்றுவிட்டான்.

படம்தான். அயர்லாந்து பார்க்க வரச்சொல்லி ஒட்டியிருக்கிறார்கள் என்று பத்திநாதர் வாசித்துச் சொன்னார்.

பத்து மணிக்கு மடுத்தீனுக்கு அகதி விசாரணை. மொழிபெயர்க்கக் கூடப் போகிறவர் பத்திநாதர். நல்ல மனுசன், வாய்தான் ஓயாது. வீட்டில் வெளிக்கிட்டதில் இருந்து ஒரே பாடம்: பெண்சாதி துப்பாக்கிச் சூடுபட்டதைக் கண்ணால் கண்டதாகச் சொல்லவேண்டும். காணவில்லை என்றால் கேஸ் அம்போ, திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மடுத்தீனின் காதில் ஏறினால்தானே.

அயர்லாந்துக்காரன் மேய்வது வைக்கோலால். எங்கட பக்கம் பின்னின தென்னோலைக் கிடுகு. வேலை என்னவோ ஒன்றுதான். ஏணியில் நின்று, முகத்தைக் கூரையோடு வைத்துக்கொண்டு, ஒரு கையைக் கீழே நீட்டியிருந்தான்.

மேய்கிறவன் கீழே பார்ப்பதில்லை. கையை நீட்டினால் போதும், கீழே நிற்கிற ஆள் அடுத்த கிடுகை எடுத்து அதில் வைக்கும்.

அந்த ஆள் படத்தில் இல்லை. படம் அவனுடைய விரல் நுனியோடு முடிந்துவிட்டது.

மடுத்தீனுக்குக் கிடுகு எடுத்துக் கொடுத்தவள் அவன் பெண்சாதி அற்புதராணி. பதினொரு வருசம் அவன் கை வெறுமனே நின்றதில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நின்றது.

ஆமி முகாம் பக்கம் வெடிச்சத்தம் கேட்டதுதான். தினமும் கேட்கிற சத்தத்துக்கு ஆர் வேலையை விடுவார்கள்? மழை வருமுன் முகட்டை மூடவேண்டும் என்ற அவதி அவனுக்கு. கையை உதறினான். கிடுகு வரவில்லை. திரும்பவும் உதறினான்.

அடுத்த வீட்டார் கத்திக் குளறின பிறகுதான் திரும்பினான். அப்போது எல்லாம் முடிந்திருந்தது.

பத்திநாதர் அவன் கையைப் பிடித்து இழுத்தார். "நேரமாகுது, வாரும். கண்டனான் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். அதிலை என்ன கஷ்டம் உமக்கு?"

மடுத்தீன் கண்ணாடியை விட்டு அசையவில்லை.

"நான் திரும்பிப் பாக்கேல்லை, அண்ணை. கையை நீட்டினபடி, 'நித்திரையே கொள்ளுறாய்?' எண்டு ஏசினனான். அவளுக்குக் கேட்டிருக்கும்."

பத்திநாதர் பிடித்த கையை விட்டார், பாடத்தையும் விட்டார்.