பின்பக்கத்து விளக்கு

"இன்னொரு தடவை போடுங்க. சுவத்துல வேண்டாம், உங்க மூஞ்சியில அடிச்சுக் காட்டுங்க" என்றாள் அவள்.

விளக்குக் கடைக்காரர் கையில் விளக்கோடு திகைத்து நின்றார்.

ஷட்டரை இறக்கிப் பட்டப்பகலை இருட்டாக்கி வைத்திருந்த நீண்ட கொட்டகை அது. கோடியில் ஒரு வெள்ளைச் சுவர். காட்டிலும் மலையிலும் ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் அந்தச் சுவரில் அடித்துப் பார்த்தே விளக்கு வாங்குவார்கள். எவ்வளவு தூரம் பாய்கிறது? எவ்வளவு அகலம் விரிகிறது? இவ்விரண்டைத் தவிர மூன்றாவது கேள்வி ஒன்று உண்டென்று அவரிடம் இதுவரை எவரும் சொன்னதில்லை.

"என் மூஞ்சியில பாக்குறதுக்கு என்னம்மா இருக்கு?"

"உதடு இருக்குல்ல? அது போதும்."

கொட்டகைக்குள் நிறுத்தியிருந்த தங்கள் வண்டியில் சாய்ந்து நின்ற அவள் கொழுந்தனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "அண்ணி, நாம லைட்டு பாக்க வந்தோமா, மாப்பிள்ளை பாக்க வந்தோமா?"

அவன் ஓட்டுபவன். அவள் பக்கத்து இருக்கையில் ஏறிப் போகிறவள். விடிந்தால் இருவரும் மேட்டு ஊர்களுக்குப் புறப்பட வேண்டும். மழை பாதையை அறுத்துப் போட்டிருக்கிறது. ஏறிவிட்டால் மழைக்காலம் முடியும்வரை இறங்க முடியாது. வண்டியின் பேட்டரியோ இன்னும் ஒரே ஒரு ஜோடி விளக்கைத்தான் தாங்கும். இன்று தவறினால், தவறியதோடுதான் மலையேற வேண்டும்.

கொழுந்தன் எப்போதோ முடிவு கட்டிவிட்டான். மஞ்சள் விளக்கு. மூடுபனியைக் கிழிக்கும், புழுதியைப் பிளக்கும், எதிரே இருப்பதை எட்டத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

கடைக்காரர் அதைத் தம் முகத்துக்கு நேரே பிடித்தார். உதடு, கன்னம், சட்டைக் காலர், எல்லாம் ஒரே நிறம்.

"வேண்டாம்" என்றாள். கொழுந்தன் அதை வாங்கித் தன் கையிலேயே வைத்துக்கொண்டான்.

அடுத்து, கடையின் பெருமையாக அவர் நடுவில் மாட்டியிருந்த நீலங்கலந்த வெள்ளை. கண்ணைப் பறிக்கும் ஒளி, கொட்டகையையே கழுவித் துடைத்துவிட்ட ஒளி. அதன் கீழே கடைக்காரர் செத்து ஒரு நாளான மனிதரைப் போல நின்றார்.

"உயிரோட இருக்கிற ஆளையே இப்படிக் காட்டுதே. இதுவும் வேண்டாம்."

பிறகு அவளே குனிந்து அடித்தட்டைத் துழாவினாள். தூசி படிந்த ஓர் அகல முக விளக்கு கிடைத்தது. லாரிக்குப் பின்னால் நின்று மூட்டை இறக்குகிறவர்கள் கேட்டு வாங்கும் சாதாரண விளக்கு. அதைப் போட்டதும் கொட்டகைக்குள் காலை பத்து மணி வந்து நின்றது. சிகரெட் கறுப்பேற்றிய கடைக்காரரின் கீழுதட்டின் நடுவே மிச்சமிருந்த சிவப்புக்கூடத் தெரிந்தது.

அவள் தன் கட்டைவிரல் நகத்தை அழுத்தினாள். வெளுத்தது. விட்டாள். இளஞ்சிவப்பு திரும்பி ஊறிவருவதை நிதானமாகப் பார்த்தாள்.

"இதுதான். இதையே ஒரு ஜோடி குடுங்க."

"அண்ணி! இது பத்தடி தாண்டாது. பள்ளத்துல விழுந்த பிறகு, இதுதான் பள்ளம்னு காட்டுற லைட்டு இது!"

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சக்கரம் போய்ச் சேர்ந்தால் சகலமும் முடிந்தது என்பது ஓட்டுபவனின் எண்ணம். அவளுடைய வேலையோ சக்கரம் நின்ற பிறகுதான் தொடங்குகிறது.

"போய்ச் சேர்றதுக்கு வண்டி முன்னாடி ரெண்டு லைட்டு இருக்கு தம்பி, ஸ்டியரிங் பிடிக்க நீ இருக்கே. இது எனக்கு."

"சரி, எங்க மாட்டுறது? பம்பர்லயா, கூரையிலயா?"

"பின்னாடி. கதவுக்கு மேல."

"பின்னாடியா? ரிவர்ஸ்லயே மலை ஏறப் போறோமா?"

கடைக்காரரும் சேர்ந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. நேரே வண்டிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். உள்ளே மடிப்புக் குலையாத மெத்தை, வெளுத்த துணிகள், மூடியிட்ட எவர்சில்வர் தட்டில் கத்தரிக்கோல்.

"போன தடவை உன் மஞ்சள் டார்ச்ச வாயில கடிச்சுக்கிட்டுத்தான் பிரசவம் பாத்தேன். பொறந்த குழந்தையோட உதடு நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன். நீலம் தம்பி, அது நீலம். மஞ்சள்ல எனக்குத் தெரியல. சந்தேகத்துல முன் லைட்டுக்குத் தூக்கிட்டு ஓடி வந்தேன் பாரு, அப்பதான் தெரிஞ்சுது. ஊதி ஊதி மூச்ச வரவெச்சேன். பொழச்சது அதோட கெட்டிக்காரத்தனம். அத நம்பி இன்னொரு தடவை நான் ஏற மாட்டேன்."



அவள் ஓடிவந்தது கொழுந்தனுக்கு நினைவிருந்தது. வண்டிக்கு முன்னால், வழக்கம்போல முதுகைக் காட்டியே நின்றிருந்தான். பிரசவம் நடக்கிற திசையை ஆண் திரும்பிப் பார்க்கலாகாது என்று வளர்த்திருந்தார்கள். அதை மரியாதை என்று அவனும் நம்பினான். ஆகவே அன்று அவள் துணிச்சுருளோடு வெளிச்சத்துக்குள் பாய்ந்தபோது, நல்ல பிள்ளையாக இன்னும் நன்றாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கையிலிருந்த மஞ்சள் விளக்கைக் கடைக்காரரிடம் நீட்டினான். ஸ்பேனரை எடுத்தான். பின்கதவருகே வந்து நின்றான்.

"உங்க தலை நிழல் குழந்தை மேல விழக்கூடாதுல்ல? எப்படி நிப்பீங்கன்னு நின்னு காட்டுங்க அண்ணி. நான் பாக்குறேன்."