ஊறலின் சத்தம்

என் புருஷன் லிப்ராடோ பீப்பாயில் காதை ஒட்டவைத்து நிற்கிறார். நேற்றுவரை உள்ளே தூறல் விழுவதுபோலக் கேட்டது. சுட்டு இடித்துப் போட்ட ஆனைக்கற்றாழை அப்படிப் பொங்கியது. இன்று சத்தமே இல்லை. கூரை ஓட்டை வழியே விழும் வெயிலில் ஒரு குமிழிகூட உடையவில்லை. கண்படாமலிருக்க விளிம்பில் செருகிய குச்சிச் சிலுவையை நாலாவது தடவையாக நிமிர்த்துகிறேன். "கண்ணு பட்டிருச்சு," என்கிறார் லிப்ராடோ. "இப்படியொரு பக்கனோரா சாராயம் இருக்கறதே யாருக்கும் தெரியலையேன்னு நேத்து வந்த பத்திரிகைக்காரன் வாயப் பொளந்தான்ல? ஒரு வாய் குடுக்காம அனுப்பிட்ட." "நீங்கதான் போட்டோவுக்குத் தொப்பியச் சரிபண்ணிட்டு நின்னீங்க!" ஆசையாகப் பார்த்தவர் ருசிக்காமல் போனால் ஊறல் சுணங்கிவிடும், சோனோரா மலையில் எல்லோருக்கும் தெரியும்.

சொல்லியனுப்பியதும் பத்திரிகைக்காரர் வந்துவிட்டார். சுரைக்குடுவையில் மொண்டு நீட்டுகிறேன். வழிந்து விரலெல்லாம் பிசுபிசுக்கிறது. வாங்கி வெகுநேரம் முகர்கிறார். உதடு விளிம்பைத் தொடுகிறது, வெறும் எச்சிலை விழுங்குகிறார். சட்டென்று திருப்பித் தருகிறார். "மன்னிக்கணும்மா. குடிய விட்டு ஆறு வருஷம் ஆச்சு. இப்ப இதப் பத்தி எழுதறது மட்டும்தான்." குடுவையைக் கீழே வைக்கவும் முடியவில்லை, மறுபடி நீட்டவும் மனம் வரவில்லை. லிப்ராடோ இன்னும் பீப்பாயிலிருந்து காதை எடுக்கவில்லை.