அப்பாவுக்குத் தெரியாத வார்த்தை

டிங், டிங் என்று சாப்பாட்டுத் தட்டின் விளிம்பில் அப்பா கரண்டியால் தட்டுவார். சின்ன வயதில் அந்த ஓசை கேட்டாலே மகளுக்குச் சோறு இறங்காது. வார்த்தைப் பாடம் ஆரம்பித்துவிடும்.

அப்பா அகராதி அச்சகத்தில் பிழை திருத்தியவர். வேலை ஓய்ந்தும் வாய் ஓயவில்லை. இன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவரிடம் மாட்டிக்கொண்டவர், பக்கத்து நாற்காலியில் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர்.

“மைக்ரேனா? அதுக்கு மூலம் ஹெமிக்ரேனியா. ‘ஹெமி’ன்னா கிரேக்கத்துல பாதி. பாதி மண்டை!”

“பாதிதான் சார் வலிச்சுது. இப்ப முழுசும் வலிக்குது.”

மகள் பல்லைக் கடித்தாள். “மானத்தை வாங்காதீங்கப்பா. அம்மாவோட ஸ்கேன் ரிசல்ட் கேட்க வந்திருக்கோம்.”

“பேசட்டும் விடுடி,” என்றாள் அம்மா. மார்பிலிருந்த கட்டியை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “மெட்டாஸ்டாஸிஸ்,” என்று உதவி டாக்டரிடம் முணுமுணுத்தார். பிறகு இவர்களிடம், “மருந்தை மாத்தணும். நாளைக்கு வாங்க, விவரமாப் பேசலாம்.”

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். “ஏங்க, மெட்டான்னு ஏதோ சொன்னாரே, அப்படின்னா?”

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியலையே. இருங்க, ஆட்டோ பார்க்கறேன்.”

மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசல்வரை துரத்திக்கொண்டு போனாள்.

“ஊரான் மண்டைக்கெல்லாம் கிரேக்கம் வருது. கட்டினவ கேட்டா மட்டும் வாயடைச்சுப் போச்சாக்கும்!”

“மெதுவாப் பேசு.” அப்பா தெருவையே பார்த்தார். “‘மெட்டா’ன்னா தாண்டுறது, மாறுறது. ‘ஸ்டாஸிஸ்’னா நிக்கிறது. நோய் நின்ன இடத்துல நிக்கலைம்மா. நாளைக்கு டாக்டர் சொல்லிக்கட்டும். இன்னிக்கு ஒரு ராத்திரியாவது அவ தூங்கட்டும்.”

மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். “நிஜமாவே அப்பாவுக்குத் தெரியலையாம்மா.”

“இத்தனை வருஷத்துல அவருக்குத் தெரியாத வார்த்தைன்னு ஒண்ணை நான் பார்த்ததே இல்லை,” என்றாள் அம்மா. “அப்ப அது நல்ல வார்த்தையா இருக்காது.”

மகள் அம்மாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“எனக்குப் புரிஞ்சுட்டுதுன்னு சொல்லித் தொலைச்சிடாதே. பாவம், மனுஷன் ராத்திரி தூங்கமாட்டார்.”

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் அம்மா இறந்துபோனாள்.