வெந்நீருக்கு ஒரு ஊதல்

"நீராவி எஞ்சினுக்கு உயிர் இருந்தது. மின்சார வண்டி வெறும் பொத்தான் பெட்டி" என்று ரயில் ரசிகர்களின் இணையக் குழுவில் எழுதினார் ஓய்வுபெற்ற எஞ்சின் ஓட்டுநர். மூன்று தலைமுறையாக எஞ்சின் ஓட்டிய குடும்பம். வறட்டு கௌரவத்தில் பெற்ற மகளோடேயே பேச்சை நிறுத்தியவர்.

"கரி மூஞ்சியைக் கழுவவே பாதி நாள் போயிருக்குமே, பெரியவரே!" என்று வழக்கம்போல வம்புக்கு வந்தார், குழுவில் 'மின்னல்' என்ற புனைபெயரில் எழுதுபவர்.

"தம்பி, வீட்டைத் தாண்டும்போது எனக்குன்னு ஒரு ஊதல் உண்டு. கேட்டதும் சம்சாரம் வெந்நீர் வைப்பா. உன் பெட்டி அப்படிப் பேசுமா?"

"சாயங்காலம் ஜன்னல்கிட்ட உட்காருங்க. பேசுதான்னு பாப்போம்."

"என் வீடு எங்கேன்னே தெரியாத பய!" என்று சிரித்தாலும், சாயங்காலம் ஜன்னலருகே உட்கார்ந்தார்.

மின்சார ரயில் கடந்தது. இரண்டு நீளம், ஒரு குட்டை, மறுபடி ஒரு நீளம். அவருடைய அதே ஊதல்.

அடுப்படியில் மனைவி வெந்நீர்ப் பானையை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"உங்க பொண்ணுக்கு. பொத்தான் அமுக்குறது குடும்பத்துக்கே அவமானம்னு சொன்னீங்களே, இப்போ போனது அவ ஓட்டுற வண்டிதான். அப்பா கூப்பிட்டா வர்றாளாம்."

கைப்பேசியை எடுத்து மின்னலுக்கு எழுதினார்:

"கடைசி ஊதல் இன்னும் கொஞ்சம் நீளணும். வெந்நீர் ஆறுறதுக்குள்ள வீட்டுக்கு வாம்மா."